மணற்குவியலும் கணிப்பொறியும்

நம் விடுதியின் பின்புறத்தில் புதிய கட்டடம் ஒன்று எழும்பி வருகிறது. மாலையில் அப்பக்கம் உலாவச் செல்வோர், லாரியிலிருந்து கொட்டிய மணல் குன்றுபோல் குவிந்திருப்பதைக் கண்டிருப்பர். அதன் உச்சியில் ஒரு பிடி மணலை மெல்லத் தூவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நிகழாது. விழுந்த மணல் விழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடும். சில வேளைகளில் நாலைந்து மணிகள் உருண்டோடும். எப்போதோ ஒருமுறை, முன் தூவியது போன்ற அதே ஒரு பிடி மணலுக்குக் குவியலின் ஒரு பக்கமே சரிந்து நம் காலடிக்கு வந்து சேரும்.

சிறு சரிவுக்கும் பெருஞ்சரிவுக்கும் காரணம் ஒன்றுதானா? பெருஞ்சரிவு வருவதற்குமுன் குவியலில் ஏதேனும் தனி அடையாளம் தோன்றுமா? குழந்தையும் கேட்கக்கூடிய இக்கேள்விகள் 1987 முதல் இயற்பியலறிஞர்களை ஆட்டிப் படைத்து வருகின்றன. இவற்றுக்கு விடை காணக் கணிப்பொறியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர், அதில் வேகம் ஏன் இன்றியமையாததாகிறது, அவ்வேகம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். அதன் வேர் நம் நாட்டிலேயே, மும்பையில் கண்டறியப்பட்ட ஓர் உண்மையில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

காகிதத்தில் ஒரு குவியல்

1987-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெர் பாக், சாவோ டாங், குர்ட் வீசன்பெல்டு என்னும் மூவர் ஒரு மாதிரியை வெளியிட்டனர். அதன் விதிகள் தாயக்கட்டத்தைவிட எளியவை.

சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில மணிகள். ஏதேனும் ஒரு கட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மணியைப் போடுங்கள். அக்கட்டத்தில் மணிகளின் எண்ணிக்கை மூன்று அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நான்கை எட்டிவிட்டால் அது ‘கவிழும்’. கவிழ்வது என்றால், மேல், கீழ், இடம், வலம் என நான்கு அண்டைக் கட்டங்களுக்கும் தலைக்கு ஒரு மணி கொடுத்துவிடுவது. அண்டைக் கட்டம் அதனால் நான்கை எட்டினால் அதுவும் கவிழும். ஓரத்துக் கட்டம் கவிழும்போது வெளிப்பக்கம் போகும் மணி பலகையை விட்டு விழுந்து மறைந்துவிடும். எல்லாக் கட்டங்களும் அமைதியடைந்த பின்னரே அடுத்த மணியைப் போட வேண்டும். ஒரு மணி போட்டதனால் மொத்தம் எத்தனை முறை கட்டங்கள் கவிழ்ந்தனவோ, அதுவே அச்சரிவின் அளவு.

பல்லாங்குழி ஆடிப் பழகியவர்களுக்கு இது ஏறத்தாழ வீட்டு விளையாட்டே. ஒரு சிறு எடுத்துக்காட்டை ஆடிப் பார்ப்போம். மூன்றுக்கு மூன்று, ஆக ஒன்பது கட்டங்கள். எல்லாவற்றிலும் மும்மூன்று புளியங்கொட்டைகள், மொத்தம் 27. நடுக்கட்டத்தில் ஒன்றைப் போடுகிறோம். நடுக்கட்டம் நான்காகிக் கவிழ்கிறது, அதில் ஒன்றுமில்லை. அதன் அண்டையிலுள்ள நான்கு பக்கக் கட்டங்களும் நான்காகின்றன, நான்கும் கவிழ்கின்றன. ஒவ்வொன்றும் நடுவுக்கு ஒன்று, இரு மூலைகளுக்கும் ஒவ்வொன்று, வெளியே ஒன்று கொடுக்கிறது. இப்போது நடுவில் 4, மூலைகளில் 5, பக்கங்களில் 0. மூலைகள் நான்கும் கவிழ்கின்றன. ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு வெளியே போகின்றன, இரண்டு பக்கக் கட்டங்களுக்குப் போகின்றன. நடுக்கட்டமும் மறுபடி கவிழ்கிறது. ஆட்டம் ஓய்ந்தபின் மூலைகளில் 1, பக்கங்களில் 3, நடுவில் 0. எண்ணிப் பாருங்கள்: மீதி 16, வெளியே விழுந்தவை 12, கூட்டினால் 28. கணக்கு நேராகிறது. கட்டங்கள் கவிழ்ந்தது மொத்தம் பத்து முறை. ஒரே ஒரு கொட்டைக்குப் பத்துக் கவிழ்வுகள்!

தானே அமையும் நிலை

வெறும் பலகையில் தொடங்கி மணி மணியாகப் போட்டுக்கொண்டே போனால் என்ன நிகழும்? தொடக்கத்தில் சரிவே இராது. குவியல் உயர உயரச் சிறு சரிவுகள் தோன்றும். பிறகு ஒரு கட்டத்தில், உள்ளே போடும் மணிகளும் ஓரத்தில் விழும் மணிகளும் சராசரியில் சமமாகிவிடும். குவியல் அதற்குமேல் உயராது. அந்நிலையில்தான் விந்தை தொடங்குகிறது. ஒரு கட்டமும் கவிழாத வேளைகளும் உண்டு. பலகை முழுவதும் குலுங்கும் வேளைகளும் உண்டு. இடையிலுள்ள எல்லா அளவுச் சரிவுகளும் உண்டு. ‘வழக்கமான சரிவு இவ்வளவு பெரிது’ என்று சொல்லத்தக்க ஓரளவு அங்கே இல்லை.

நீரை 374 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, அதற்கேற்ற அழுத்தத்தையும் கொடுத்தால், நீருக்கும் நீராவிக்கும் உள்ள வேறுபாடு மறையும் ஒரு நிலை வருகிறது. அதனை மாறுநிலை என்பர். அந்நிலையிலும் இதுபோலவே எல்லா அளவுகளிலும் ஏற்ற இறக்கங்கள் காணப்படும். ஆனால் நீரை அங்கே கொண்டுசெல்ல நாம் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நுட்பமாகச் சரிசெய்ய வேண்டும். மணற்குவியலையோ யாரும் சரிசெய்யவில்லை. அது தானாகவே மாறுநிலைக்கு வந்து அங்கேயே நிற்கிறது. ஆதலின் மூவரும் இதற்குத் ‘தன்னமைவு மாறுநிலை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர்.

நிலநடுக்கங்களிலும் இதன் சாயல் தெரிகிறது. ரிக்டர் வகை அளவுகோலில் ஒரு படி ஏறினால் நிலநடுக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்பது குட்டன்பர்க்–ரிக்டர் விதி. பெருநடுக்கத்துக்கென்று தனிக் காரணம் தேட வேண்டியதில்லை, சிறு நடுக்கத்தைத் தொடங்கும் அதே காரணம் சில வேளைகளில் ஓயாமல் பரவிவிடுகிறது என்று இம்மாதிரி கருதத் தூண்டுகிறது. இது ஒரு கருத்தே, முடிந்த தீர்ப்பன்று.

என் முதல் நிரல்

இவற்றையெல்லாம் படித்த ஆர்வத்தில் நானும் ஒரு நிரல் எழுதினேன். முந்நூற்றுக்கு முந்நூறு, ஆக 90,000 கட்டங்கள். மணி ஒன்றைப் போடுவது, பிறகு பலகையின் முதற் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை நான்கை எட்டிய கட்டம் ஏதேனும் உண்டா என்று தேடுவது, இருந்தால் கவிழ்ப்பது, மறுபடியும் முதலிலிருந்து தேடுவது. விதியை அப்படியே எழுதியதால் பிழை இராது என்று நம்பினேன்.

முன்னிரவில் ஓட்டினேன். மணிகள் மளமளவென்று விழுந்தன. நடு இரவில் வேகம் தளர்ந்தது. விடியும்போது பார்த்தால் எண்ணிக்கை நகர்வதே தெரியவில்லை. ஏறத்தாழ 1,80,000 மணிகள் விழுந்திருந்தன. கணிப்பொறி எங்கோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி நிரலை நிறுத்திவிட்டேன். அதுவரை கிடைத்த சரிவுகளைக் கொண்டு வரைபடம் போட்டேன். சிறு சரிவுகள் ஏராளம். பெருஞ்சரிவுகள் காணவே இல்லை. “நூல்களில் சொல்லப்படும் பெருஞ்சரிவுகள் எம் ஆய்வில் தென்படவில்லை” என்று பெருமையோடு அறிக்கையும் எழுதினேன்.

எங்கள் பேராசிரியர் அதனைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நிறுத்தியபோது கட்டத்துக்குச் சராசரி எத்தனை மணி இருந்தது?”

நான் கணக்கிட்டேன். ஏறத்தாழ இரண்டு.

“மாறுநிலைக்கு அது போதாதே! வாயிற்படியில் நின்று பார்த்துவிட்டு வீட்டில் யாருமில்லை என்று சொல்கிறாய்” என்றார் அவர்.

பெரிய பலகையில் மாறுநிலையின் சராசரி கட்டத்துக்கு எட்டில் பதினேழு பங்கு, அதாவது 2.125 மணி. இது வெறும் அளவீடு அன்று. நெடுங்காலம் ஊகமாயிருந்து 2011-ஆம் ஆண்டளவில் கணித முறையில் நிறுவப்பட்ட மதிப்பு. என் பலகை நிரம்ப 1,91,000-க்கும் மேற்பட்ட மணிகள் வேண்டியிருந்தன. நான் வாயிலருகே வந்து திரும்பிவிட்டேன். என் நிரல் தளர்ந்ததற்குக் காரணமும் அதுவே. குவியல் மாறுநிலையை நெருங்க நெருங்கச் சரிவுகள் பெருத்தன. ஒவ்வொரு கவிழ்வுக்கும் 90,000 கட்டங்களைத் தேடும் என் நிரல் அவற்றின் சுமை தாங்காமல் முனகியது. நான் தேடிவந்த பொருள் கைக்கு எட்டிய வேளையில், அதையே கோளாறு என்று எண்ணி விளக்கை அணைத்துவிட்டேன்.

வேகம் என்பது சோம்பேறிக்கு வசதியன்று என்பதை அன்று உணர்ந்தேன். இத்துறையில் அரிதாக நிகழ்பவையே முக்கியமானவை. பதினாயிரத்தில் ஒருமுறை வரும் சரிவைப் பற்றி ஏதேனும் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அத்தகைய சரிவு நூறாவது வேண்டாமா? அதற்குப் பத்து லட்சம் மணிகள் போட வேண்டும். மெதுவான நிரல் தாமதமான விடையைத் தருவதோடு நில்லாது. பொறுமையிழந்த மாணவனின் கையில் அது தவறான விடையையே தந்துவிடும்.

மும்பையில் கண்ட உண்மை

வேகத்துக்கு வழி எது? புதிய இயந்திரம் வாங்குவதா? அன்று. முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். ஒரே வேளையில் பல கட்டங்கள் நான்கை எட்டியிருந்தால் எதனை முதலில் கவிழ்ப்பது? வரிசையை மாற்றினால் முடிவும் மாறுமா? மாறும் என்றால், நிரலில் எந்தச் சுருக்கு வழியும் கையாள முடியாது.

1990-ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தீபக் தார் இதற்கு விடை தந்தார்: வரிசை எதுவாயினும் முடிவு ஒன்றே. இறுதியில் நிற்கும் மணிகளும் மாறா; ஒவ்வொரு கட்டமும் எத்தனை முறை கவிழ்ந்தது என்பதும் மாறாது. மேலே சொன்ன ஒன்பது கட்ட ஆட்டத்தை வேறு வேறு வரிசையில் ஆடிப் பாருங்கள். பத்துக் கவிழ்வுகளும் அதே முடிவும்தான் வரும்.

காரணம் எளிது. ஒரு கட்டம் நான்கை எட்டிவிட்டது என்று கொள்வோம். அதனை நாம் இப்போது கவிழ்க்காமல் வேறு கட்டத்தைக் கவிழ்க்கிறோம். அதனால் முதற் கட்டத்தில் மணி கூடலாமே தவிரக் குறையாது. ஆகவே அதன் கவிழ்வு தள்ளிப்போகுமேயன்றி இல்லாமற் போகாது. கடன் தவணை தள்ளிப்போகும், தள்ளுபடியாகாது என்பது போல.

வரிசை மாறினாலும் விடை மாறாத செயல்களுக்குக் கணிதத்தில், 26 வயதில் மறைந்த நார்வே நாட்டு மேதை ஏபெலின் பெயர் வழங்குகிறது. அதனால் இம்மாதிரியும் இன்று ஏபெல் மணற்குவியல் எனப்படுகிறது. இவ்வளவு எளிய உண்மையிலிருந்து தார் மிக ஆழமான முடிவுகளுக்குச் சென்றார். அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அண்டையிலுள்ள இரு கட்டங்கள் இரண்டும் வெறுமையாயிருக்கும் காட்சியை நிலைபெற்ற குவியலில் ஒருநாளும் காண முடியாது. ஏன்? கட்டம் வெறுமையாவது கவிழ்வதால்தான். இரண்டில் எது கடைசியாகக் கவிழ்ந்ததோ, அது மற்றதற்கு ஒரு மணி கொடுத்திருக்குமன்றோ? பிறகு மற்றது எங்ஙனம் வெறுமையாயிருக்கும்? இவ்வாறு சில அமைப்புகள் விலக்கப்படுகின்றன. இரண்டுக்கு இரண்டு பலகையில் எழுதக்கூடிய அமைதியான அமைப்புகள் மொத்தம் 256. நிலைபெற்ற குவியலில் திரும்பத் திரும்ப வருபவை 192 மட்டுமே. அந்த 192-உம் சம வாய்ப்புடன் வருகின்றன என்பதும் தாரின் முடிவு. ஓர் அமைப்பு விலக்கப்பட்டதா அன்றா என்று அறிய அவர் ஓர் ‘எரிப்புச் சோதனை’யையும் தந்தார். பலகையின் வெளியிலிருந்து தீ வைப்பதாகக் கொள்ளுங்கள். ஒரு கட்டத்திலுள்ள மணிகள், அதன் எரியாத அண்டைக் கட்டங்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால் அது பற்றிக்கொள்ளும். பலகை முழுதும் எரிந்தால் அது ஆகிவரும் அமைப்பு. எங்கேனும் தீ நின்றுவிட்டால் விலக்கப்பட்டது.

தீ பரவும் பாதை கிளை கிளையாக ஒரு மரம் போல் அமையும். குவியலின் அமைப்புகளும் அத்தகைய மரங்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன என்பதைத் தாரும் அவர் மாணவராயிருந்த சத்யா மஜும்தாரும் 1992-இல் காட்டினர். மரங்களை எண்ணும் முறையோ மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃப் 1847-இலேயே தந்தது. மணற்குவியலின் கணக்கு மின்சுற்றின் கணக்கில் போய் முடிகிறது! 2022-ஆம் ஆண்டில் புள்ளியியல் இயற்பியலின் உயர்ந்த விருதாகிய போல்ட்ஸ்மன் பதக்கம் தீபக் தாருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

வேகமான நிரலின் உறுப்புகள்

இனி நிரலுக்கு வருவோம். ஏபெல் பண்பு கையிலிருப்பதால், நமக்கு வசதியான வரிசையில் கவிழ்க்கலாம் என்ற உரிமை கிடைத்துவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வழிகள் பின்வருமாறு.

முதலாவது, தேடலை ஒழித்தல். புதிதாக நான்கை எட்டக்கூடிய கட்டங்கள் எவை? இப்போது கவிழ்ந்ததன் அண்டைக் கட்டங்கள் மட்டுமே. ஆகவே நான்கை எட்டும் கட்டத்தை ஒரு காத்திருப்புப் பட்டியலில் எழுதிக்கொண்டே போகலாம். பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்ப்பது, அதன் நான்கு அண்டைகளில் நான்கை எட்டியதைப் பட்டியலில் சேர்ப்பது. பட்டியல் தீர்ந்தால் சரிவு ஓய்ந்தது. ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டமுள்ள பலகையில் ஒரு மணிக்குச் சராசரி ஏறத்தாழ 35,000 கவிழ்வுகள். ஒவ்வொரு கவிழ்வுக்கும் வேண்டாம், ஒரு சரிவுக்கு நூறு முறை மட்டும் பலகை முழுவதையும் பார்ப்பதாக வைத்துக்கொண்டாலும், 35,000 கவிழ்வுகளுக்காகப் பத்துக் கோடிக் கட்டங்களைப் பார்க்க வேண்டும். பட்டியல் வைத்தால் இரண்டு லட்சத்துக்கும் குறைவான கட்டங்களைத் தொட்டால் போதும். மற்ற எல்லா உத்திகளையும்விட இந்த ஒன்றே பெரும்பயன் தருவது.

இரண்டாவது, மொத்தமாகக் கவிழ்த்தல். பல மணிகளை ஒரே இடத்தில் கொட்டும் சோதனைகளில், ஒரு கட்டத்தில் 23 மணிகள் இருக்கின்றன என்போம். ஒவ்வொரு முறையாக ஐந்து முறை கவிழ்ப்பானேன்? 23-ஐ நான்கால் வகுத்தால் ஈவு 5, மீதி 3. அண்டைகளுக்கு ஐந்தைந்து கொடுத்துவிட்டு மூன்றை வைத்துக்கொள்ளலாம். கணிப்பொறி எண்களை இரும எண்களாக வைத்திருப்பதால் நான்கால் வகுப்பது அதற்கு வகுத்தலே அன்று. 23 என்பது இரும எண்ணில் 10111. கடைசி இரண்டு இலக்கமாகிய 11 மீதி மூன்று. முன்னுள்ள 101 ஈவு ஐந்து.

மூன்றாவது, வேலி கட்டுதல். ஒவ்வொரு கவிழ்விலும் ‘இது ஓரக் கட்டமா?’ என்று கேட்பது வீண் வேலை. பலகையைச் சுற்றி ஒரு வரிசைக் கட்டங்களை வேலியாக அமைத்துவிட்டால், ஓரத்து மணிகள் அங்கே போய் விழும். வேலிக் கட்டங்கள் கவிழ்வதில்லை என்று மட்டும் விதித்தால் போதும். வேலியில் சேர்ந்ததை அவ்வப்போது கூட்டி எடுத்துக்கொண்டு வெறுமையாக்கினால், வெளியேறிய மணிகளின் கணக்கும் கிடைக்கும்.

நான்காவது, சிறு பாத்திரம் கொள்ளுதல். ஒரு மணி போட்டுச் சுற்றுச் சுற்றாகக் கவிழ்க்கும்போது, உள்ளிருக்கும் எந்தக் கட்டமும் ஏழைத் தாண்டாது. ஏனெனில் கவிழ்ந்தபின் மீதி மூன்றுக்கு மேல் இல்லை; அண்டைகளிலிருந்து வருவது நான்குக்கு மேல் இல்லை. ஆகவே கட்டத்துக்கு ஒரு பைட்டு போதும். பத்து லட்சம் கட்டங்களும் பத்து லட்சம் பைட்டுகளில் அடங்கிவிடும். எட்டு பைட்டு எண்களைக் கொண்டால் எண்பது லட்சம் ஆகும். சிறியதாயிருந்தால் பலகை முழுவதும் செயலகத்தின் கைக்கெட்டும் விரைவு நினைவகத்திலேயே தங்கும். பெரியதானால் ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். அடுக்களையில் உப்பு கைக்கெட்டும் இடத்தில் இருப்பதற்கும் பரணில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. ஆனால் எச்சரிக்கை: ஒரு பைட்டில் 255 வரைதான் எழுதலாம், வேலிக் கட்டம் அதைத் தாண்டினால் எண் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும்.

இவற்றைப் பைத்தான் மொழியில் எழுதலாம். ஆயினும் கவிழ்க்கும் உட்பகுதியை மட்டுமேனும் சி போன்ற மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்வது நலம். நொடிக்குப் பத்துக் கோடிக் கவிழ்வுகள் செய்யும் நிரல் என்று கொண்டால், ஆயிரத்துக்கு ஆயிரம் பலகையில் பத்து லட்சம் மணிகளுக்கான 3,500 கோடிக் கவிழ்வுகளும் ஆறு நிமிடங்களில் முடிந்துவிடும்.

குவியல் நிலைபெறும்வரை காத்திருக்கும் நேரத்தையும் குறைக்க வழியுண்டு. அமைப்புகளும் மரங்களும் பொருந்துகின்றன என்று கண்டோமல்லவா? எல்லா மரங்களுக்கும் சம வாய்ப்பளித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விரைவு முறையை வில்சன் என்பார் 1996-இல் தந்தார். அவ்வாறு ஒரு மரத்தை எடுத்து மணிகளாக மாற்றினால், முதல் மணியிலிருந்தே மாறுநிலையில் தொடங்கலாம். நான் ஓர் இரவு முழுவதும் எட்ட முடியாத வாயிலை இது ஒரே தாவலில் கடந்துவிடுகிறது.

விடையைச் சோதித்தல்

வேகமான நிரல் தவற்றையும் வேகமாகவே செய்யும். ஆதலின் சோதனைகள் வேண்டும். முதற் சோதனை புளியங்கொட்டைக் கணக்கு: போட்டவை, மீந்தவையும் விழுந்தவையும் சேர்ந்ததற்குச் சமமா? இரண்டாவது, பட்டியலை முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் எடுத்தால் முடிவு ஒன்றாகிறதா? மூன்றாவது, பெரிய பலகையின் சராசரி 2.125-ஐ நெருங்குகிறதா? அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு கட்டங்கள் வெறுமையாயிருக்க வேண்டும் என்பதும் மஜும்தாரும் தாரும் 1991-இல் கண்ட முடிவு.

நான்காவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நிலைபெற்ற குவியலில், எந்தக் கட்டத்துக்கும் சராசரியில் வரவும் செலவும் சமம். இந்த ஒரு கூற்றைக் கொண்டு, பள்ளியில் கற்ற சமன்பாடுகளாலேயே சரிவின் சராசரி அளவைக் கணக்கிடலாம். ஒன்பது கட்டப் பலகையில் விடை 72-இல் 59 பங்கு. அதாவது ஒரு மணிக்கு ஒரு கவிழ்வுகூட இல்லை. நடுக்கட்டத்தில் போடும் மணிக்கு மட்டும் எட்டில் ஒன்பது பங்கு. ஆனால் நாம் மேலே ஆடிய ஆட்டத்தில் அதே நடுக்கட்டத்து மணிக்குப் பத்துக் கவிழ்வுகள் நிகழ்ந்தன! சராசரியைத் துல்லியமாக அறிந்தாலும் அடுத்த சரிவைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிகிறோம் என்பதை இச்சிறு பலகையே காட்டிவிடுகிறது.

பலகை பெரிதாகும்போது இச்சராசரி பக்க அளவின் இருமடியாக வளரும். நூற்றுக்கு நூறு பலகையில் ஏறத்தாழ 365. ஆயிரத்துக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 35,000. உள்ளே விழும் ஒவ்வொரு மணிக்கும் ஈடாக ஒன்று தள்ளாடித் தள்ளாடி ஓரத்தை அடைய வேண்டியிருப்பதே காரணம். ஆனால் சரிவின் அளவுகள் சிறிது முதல் பெரிதுவரை எவ்விதிப்படி பகிர்ந்திருக்கின்றன என்பது மட்டும் இச்சதுரப் பலகையில் இன்றளவும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஒரே ஓர் அடுக்கு விதி அதனை விளக்கப் போதுமா என்பதே வழக்கிலிருக்கிறது. நிரல்களுக்கு இன்னும் வேலை உண்டு.

மணல் என்ன சொல்கிறது?

இவ்வளவும் சொன்னபின், உண்மையான மணற்குவியல் இவ்வாறு நடக்கிறதா என்று கேட்பது நேர்மையாகும். விடை வியப்பூட்டுவது. 1989-இல் சிக்காகோவில் ஈகர், லியூ, நேகல் மூவரும் மணிகளை மெல்லச் சுழலும் உருளையில் இட்டு ஆராய்ந்தனர். மாதிரி கூறியபடி எல்லா அளவுச் சரிவுகளும் அங்கே தோன்றவில்லை. மணிகள் ஒரு சாய்வுவரை பொறுத்திருந்து, பின் பெருஞ்சரிவாய் விழுந்து, குறைந்த சாய்வில் நின்றன. மறுபடியும் அதே கதை. உருளும் மணி தன் உந்தத்தால் நிற்காமல் பிறவற்றையும் இழுத்துச் செல்கிறது. காகிதத்து மணிக்கோ உந்தம் என்பதே இல்லை.

1996-இல் நார்வேயின் ஓஸ்லோ நகர ஆய்வாளர்கள் மணலை விட்டுவிட்டு அரிசியை எடுத்துக்கொண்டனர். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அரிசியை மெல்லக் கொட்டி, சரிவுகளை அளந்தனர். நீண்ட அரிசியில் தன்னமைவு மாறுநிலை தெளிவாகக் காணப்பட்டது. உருண்டை அரிசியில் காணப்படவில்லை. நீண்ட மணி உருளாது. வழுக்கி, உராய்ந்து, விரைவில் நின்றுவிடும். ஆகவே மாதிரி பொய்யன்று. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்கு எல்லையுண்டு. நம் விடுதி உணவறையில் நாள்தோறும் காணும் நீள அரிசிக்கும், ஊரில் உண்டு பழகிய குண்டரிசிக்கும் உள்ள வேறுபாடு இயற்பியலிலும் வேறுபாடாகும் என்று யார் எண்ணினார்?

நண்பர்களே, நம்மில் பலர் இன்று ஏதேனும் ஒரு துறையில் நிரல் எழுதுகிறோம். நிரல் மெதுவாக ஓடினால் இன்னும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். ஏபெல் மணற்குவியல் வேறு பாடம் சொல்கிறது. இங்கே வேகத்தின் பெரும்பகுதி, ‘வரிசை மாறினால் விடை மாறுமா?’ என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தது. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை பெரும்பாலும் காகிதமும் எழுதுகோலுமே.

இன்னொன்று. விரைவு வேறு, அவசரம் வேறு. நான் அவசரப்பட்டு என் நிரலை நிறுத்திய அந்த விடியற்காலையில், குவியல் பேசத் தொடங்கும் தறுவாயில் இருந்தது. வரும் விடுமுறை நாளில் ஒன்பது கட்டங்கள் வரைந்து, ஒரு பிடி புளியங்கொட்டையோ பருப்போ எடுத்துக்கொண்டு அமருங்கள். முதலில் கையால் ஆடுங்கள். பிறகு நிரல் எழுதுங்கள். எழுதிய நிரல் நடுவில் தளர்ந்து நின்றால், உடனே நிறுத்திவிடாமல், அங்கே என்ன நிகழ்கிறது என்று ஒரு கணம் உற்றுப் பாருங்கள்.